ஏகாம்பரம் மகள் கல்யாணமும் முதல் ஷிப்டும்

எழுபதுகளின் கடைசியில் நிலக்கரிச் சுரங்கத்தின் கன்வேயர் பிரிவில் ஃபோர்மேன் ஆனேன். நான் திருநெல்வேலிக்காரன். என்னிடம் வந்த கேங்கில் பெரும்பாலோர் ஒரே ஊர்க்காரர்கள். சுரங்கத்துக்கு அந்த ஊரை எடுத்துக்கொண்டு, வேறிடத்தில் மனையும் பலருக்கு வேலையும் கொடுத்திருந்தார்கள்.

முதல் நாள், “ஊர்ல என்ன வேல பாத்தீங்க?” என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருவர் கலப்பைக்குக் கொழு அடித்தவர். ஒருவர் வண்டிச் சக்கரம் செய்தவர். ஏகாம்பரம் பானை வனைந்தவர். ராமலிங்கம் கோயிலில் நாதஸ்வரம், அவர் தம்பி மணி தவில். ஓர் ஊரின் தொழில்கள் எல்லாம் ஹெல்மெட் போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றன.

ராமலிங்கம் டிபன் நேரத்தில் எங்கோ போய்விடுவார். தேடிப் போனால், காது அடைக்கும் மோட்டார் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருந்தார்.

“வூட்ல ஊத முடியலீங்க சார். சுத்தி எல்லாரும் நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து தூங்கிக்கினு இருக்காங்க. இங்க யாருக்கும் கேக்காது.”

ஏகாம்பரம் மகளுக்குக் கல்யாணம் வைத்த வாரம், கன்வேயர் லைனையே நகர்த்தும் பெல்ட் ஷிப்டிங் வந்துவிட்டது. எங்களுக்கு முதல் ஷிப்ட். ஏகாம்பரத்தைத் தவிர யாருக்கும், மேளம் வாசிக்க வேண்டிய ராமலிங்கத்துக்கும் மணிக்கும்கூட, லீவு கிடையாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார்.

“பண்ருட்டில மேளம் கெடைக்காதாய்யா?” என்று ஏகாம்பரத்திடம் கேட்டேன்.

“கெடைக்கும்ங்க. ஊரே போயிட்டுது. மேளமாவது எங்களுதா இருக்கட்டும்ங்க.”

நேரே இரண்டாம் ஷிப்ட் கேங்கின் செல்வராஜிடம் போய், அன்று ஒரு நாள் கேங்கையே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். முதல் நாள் ராத்திரி வேலை முடித்துவிட்டு, விடியற்காலையில் எங்கள் ஷிப்டுக்கு அவர்கள் திரும்ப வர வேண்டும். செல்வராஜ் யோசித்தார்.

“செய்யறோம் சார். ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க ஷிப்டுக்கு நீங்க வந்து நிக்கணும். கல்யாணச் சாப்பாடும் வரணும்.”

இன்ஜினியர், “ஆள் முழுசா இருந்தா சரி. லேட்டானா உங்களைத்தான் கேப்பேன்” என்றார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு பஸ் சேத்தியாத்தோப்பு தாண்டிப் பழுதாகி நின்றுவிட்டது. முகூர்த்த நேரம் கரைந்துகொண்டிருந்தது. ஏகாம்பரம் வாசலுக்கும் மணைக்கும் நடையாய் நடந்தார். ராமலிங்கம் மட்டும் நிறுத்தவில்லை. கழுத்து நரம்பு புடைக்க வாசித்துக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு கூட்டமும் அமைதியாக உட்கார்ந்திருந்தது. ஒருவழியாக மாப்பிள்ளை வந்து சேர, முகூர்த்தம் முடியும் தறுவாயில் தாலி ஏறியது.

பந்தி போடும் நேரத்தில் ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. எல்லோரும் பசியோடு எழுந்தோம்.

“சாப்புடாம போனீங்கன்னா கல்யாணம் நடந்த மாதிரியே இல்லீங்க” என்று ஏகாம்பரம் வழிமறித்தார். பிறகு அவரே சமையல்காரரை அழைத்து, சோற்றையும் சாம்பாரையும் பாயசத்தையும் அண்டாவோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கேட் செக்யூரிட்டி மூடியைத் திறந்து பார்த்து, “எனக்கு ஒரு எலை வெச்சிட்டுப் போங்க” என்றார்.

இரண்டு மணிக்கு முன்பே போய் நின்றோம். செல்வராஜ் கேங்க் டிபன் ஷெட்டில் சாப்பிட்டது. எங்கள் ஆட்கள் மாற்றி மாற்றிப் போய்ச் சாப்பிட்டார்கள். இன்ஜினியர் வந்தார்.

“என்னய்யா இது, மைன்ஸா கல்யாண மண்டபமா?”

மணி ஓர் இலையைப் போட்டார். இன்ஜினியர் ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பாயசம் இரண்டு முறை வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து, ஷிப்ட் சார்ட் எழுதுமுன் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டுக்கொள்வேன். அதற்குப் பிறகு என் கேங்கில் யாரும் பொய்க்காரணம் சொல்லி லீவு கேட்டதில்லை. புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: சார்ட்டைப் பிறகு போடுங்கள், முதலில் ஆட்களோடு பேசுங்கள்.