நெல் வண்டியும் ஒரு துறவியின் விடையும்

சார், நீங்கள் எங்களிடம் பொய் சொன்னீர்கள். கிரேக்கர்களுக்கும் நவீன காலத்துக்கும் நடுவே ஆயிரம் வருஷம் யாரும் எதையும் யோசிக்கவில்லை என்று திருப்பதியில் தத்துவ வகுப்பில் நின்று சொன்னீர்கள். அது பொய் என்று உங்களுக்கே தெரியும். அதை மறுத்து நான் எழுதிய ஆய்வை முழுக்கப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

என் ஆய்வு நியாய விலையைப் பற்றியது. பொருளுக்கு எது நியாயமான விலை, உழைப்புக்கு எது நியாயமான கூலி என்று இன்றைய சிந்தனையாளர்கள் போடும் சண்டையில் பெரும்பகுதி இடைக்காலக் கத்தோலிக்கத் துறவிகள் கிளப்பியது. அதைக் காட்டும் அத்தியாயம் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை. அதற்கு வேண்டிய புத்தகங்கள் உங்கள் நூலகத்தில் கிடையாது. சித்தூரில் கத்தோலிக்கச் சாமியார் வீட்டில் இருந்தன. சாயங்காலங்களில் அங்கே போய்ப் படித்தேன்.

நாங்கள் பழைய மிஷன் சபைக்காரர்கள், புராட்டஸ்டண்டுகள். ஆர்.சி. கோயில் வாசலை மிதித்தாலே எங்களில் பேச்சு வரும். எங்கள் சபை உபதேசியார் என் சைக்கிளை அங்கே பார்த்து அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

"ஆர்.சி. சாமியார் வூட்ல இன்னாடா வேல உனுக்கு?" என்றார் நைனா.

"படிச்சிக்கினு இருக்கறேன் நைனா."

"நம்மாளுங்க சண்ட போட்டு வெளிய வந்தாங்க. நீ திரும்ப உள்ள போறியா?"

சபையில் எனக்கு அப்பமும் ரசமும் தரும் இராப்போஜனத்தை நிறுத்தினார்கள். படித்தவர் நீங்களாவது புரிந்துகொள்வீர்கள் என்று எழுதியதைத் தூக்கிக்கொண்டு பாகாலா வழியாக ரயிலில் வந்தேன். நீங்கள் நகரி ஊர்க்காரர். தனியாக இருந்தால் நம் தமிழில்தான் பேசுவீர்கள்.

"இன்னாப்பா, சர்ச்சுல சொல்றத இங்க கொண்டாந்து கொட்டிக்கினு கீற?"

"எங்க சர்ச்சே என்ன வெளிய தள்ளிடுச்சி சார்."

"அவங்களுக்கே வாணாம்னா எனுக்கு எதுக்கு?" என்று சிரித்தீர்கள். "அவனவன் கம்ப்யூட்டர் படிச்சி பெங்களூர் போறான். நான் டிபார்ட்மெண்ட்ட மூடாம காப்பாத்தணும். இந்த அத்தியாயத்த எட்த்துடு, கையெழுத்துப் போட்றேன்."

நான் எடுக்கவில்லை. நீங்கள் போடவில்லை. பட்டம் இல்லாமல் மாம்பழக் கூழ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். நீங்கள் இடைக்காலத் தத்துவத்தைப் பாடத்திட்டத்திலிருந்தே தூக்கிவிட்டு 'வணிக அறம்' என்று புதுப்பாடம் வைத்தீர்கள். என் தங்கை அதைப் படிக்க வந்தாள். ஒருநாள் வீட்டில் கேட்டாள்.

"அண்ணா, இத்த கேளு. ஊர்ல பஞ்சம். ஒர்த்தன் வண்டில நெல்லு கொண்டாறான். பின்னாலயே இன்னும் நெறைய வண்டிங்க வருதுன்னு அவனுக்கு மட்டும் தெரியும். வாங்கறவங்க கிட்ட சொல்லணுமா, வாணாமா?"

"சொல்லாம வித்தா அநியாயம் இல்ல. சொன்னா இன்னும் நல்ல மன்ஷன்."

"ஐய, உனுக்கு எப்டித் தெரியும்? அமெரிக்கா மேனேஜ்மெண்ட் புக்குல இருக்குதுன்னு சார் சொன்னாரு!"

கேள்வி ரோமாபுரிக் காலத்தது. அந்த விடை பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி ஒருவருடையது. துறவி சொன்னது கோதுமை. நம் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று அதை நெல்லாக, மாட்டு வண்டியாக மாற்றி எழுதியவன் நான், நீங்கள் எடுக்கச் சொன்ன அதே அத்தியாயத்தில். எந்த அமெரிக்கப் புத்தகத்தில் சார் நெல் வண்டி வருகிறது?

அடுத்த மாதம் திருப்பதியில் நவீன சிந்தனை பற்றிப் பேச மேடை ஏறுகிறீர்கள். நானும் வருவேன். அந்த விடை யாருடையது? உங்கள் பாடத்தில் இருக்கலாம் என்றால் என் ஆய்வில் ஏன் இருக்கக் கூடாது? தெலுங்கில் சொல்லுங்கள், தமிழில் சொல்லுங்கள். உங்கள் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். எல்லார் முன்னாலும் மைக்கில் சொல்லுங்கள்.