வேர் போன ஆறு பற்கள்

சுண்டுவிரல் நீளத்தில், ஒரு முனை கூராகவும் மறுமுனை கரடுமுரடாகவும் இருந்த, கல்லாகிப்போன ஏழு பற்கள், பஞ்சு சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் வந்து சேர்ந்தன. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய குழியில் கிடைத்தவை. ஐம்பதுகளின் கடைசி அது. கொடைக்கானலில் ஒரு மிஷன் கல்லூரியின் காட்சி அறையில் நான் உதவியாளன். எலும்பு, சிப்பி, பாடம் செய்த பறவை எல்லாவற்றையும் துடைத்துப் பெயர்ச் சீட்டு எழுதுவது என் வேலை. அறையின் பொறுப்பாளரைப் பிரதர் என்றே எல்லாரும் கூப்பிடுவோம். வில்பட்டியில் பூண்டு வயலில் குனிந்தே வளர்ந்தவனுக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் உத்தியோகம் என்றால் சும்மாவா? அதைச் சொல்லித்தான் எனக்குப் பெண்ணே கேட்டார்கள். கல்யாணமாகி நாலு மாதம் ஆகியிருந்தது.

சுத்தம் விஷயத்தில் நான் ஒரு பைத்தியம். பூண்டைச் சந்தைக்கு அனுப்புமுன் மண்ணைத் தட்டி, வேரை ஒட்ட நறுக்கி, வெளுப்பாக்கித்தான் மூட்டை கட்டுவோம். வேரோடு போன பூண்டை வத்தலக்குண்டில் யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். அதே கைதான் அந்தப் பற்களிலும் வேலை செய்தது. அடியில் மடிப்பு மடிப்பாக இருந்ததை ஒட்டிய பாறை என்று நினைத்து அரத்தால் ராவி எடுத்தேன். ஆறு முடிந்தபோது மணி அடித்துவிட்டது. ஏழாவது டப்பாவிலேயே கிடந்தது. டப்பாவைப் பிரதர் திறந்தே பார்த்திருக்கவில்லை; மறுநாள் அந்த ஆறை மட்டும் அவர் மேஜையில் வைத்தேன்.

பிரதர் அந்த ஆறையும் ஏதோ முதலைப் பல் என்றுதான் முதலில் எண்ணினார். காபி கொண்டுவந்த சமையல்கார அண்ணன் எட்டிப் பார்த்தார். அவர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்.

“இது வாய்ப் பல்லே இல்ல பிரதர். வேளா மீனுக்கு மூக்கு ரம்பம் மாதிரி நீண்டிருக்கும்லா, அதுல ரெண்டு பக்கமும் நிக்கிற பல்லு.”

பிரதர் துள்ளி எழுந்து, அலமாரி மேலிருந்த காய்ந்த வேளாக் கொம்பை, அதாவது அந்த ரம்ப மூக்கை, இறக்கினார். பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். இன்றைய வேளாவின் பல் கொம்பிலுள்ள குழிக்குள் ஆழமாக நிற்கும், அதற்குத் தனி வேர் கிடையாது. அதே மாதிரி ரம்ப மூக்கோடு இருந்து அழிந்துபோன பழைய மீன் இனத்தின் பல்லுக்கு மேலே பளபளப்பான பூச்சும் அடியில் மடிப்பு விழுந்த வேரும் இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்வது அந்த வேர்தான்.

“பளபளப்பு இருக்கு. ஆனா நீ எதைத் துடைச்சாலும் பளபளன்னுதான் இருக்கு, அதை எப்படி நம்புறது?” என்று சிரித்தார். பிறகு பல்லைத் திருப்பினார். “அடிப்பக்கம் வந்தப்பவே இப்படி மொட்டையாத்தான் இருந்துச்சா?”

“ஆமாங்க பிரதர்” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். வேலை போனால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அப்போது என் கவலை. ஏழாவது பல் கிடந்த டப்பாவையும் பழைய தாள்களுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அவை இன்றைய வேளாவின் முன்னோருடைய பற்கள் என்று எழுதி, வெளிநாட்டு அறிஞர் ஒருவருக்கு அனுப்பப் பிரதர் தயாரானார். அவருடைய ஆங்கிலக் கடிதங்களுக்குச் சுத்தப் பிரதி எடுப்பதும் நான்தான். பொய்யை என் கையெழுத்திலேயே குண்டு குண்டாக எழுதவேண்டி வந்தபோது பேனா ஓடவில்லை. எழுந்து போய் டப்பாவை எடுத்துவந்து அவர் முன்னால் திறந்தேன்.

“மத்த ஆறும் இப்படித்தாங்க இருந்துச்சு. நான்தான் ராவிட்டேன்.”

ஏழாவது பல்லின் வேரை அவர் லென்ஸில் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “எதைத் தொடக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடிதத்தை முதலிலிருந்து எழுதினார். அழிந்துபோன இனம் என்பதற்கு ஒரே ஒரு பல்தான் சாட்சி, மற்ற ஆறின் வேரைச் சுத்தம் செய்கையில் ‘நானே சேதப்படுத்திவிட்டேன்’ என்று பழியைத் தன்மேல் போட்டு எழுதியிருந்தார்.

பிரதி எடுக்கும்போது அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினேன். சேதப்படுத்தியது உதவியாளர் என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டேன். பிரதர் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்தக் கடிதம் போய்ச் சேந்துச்சுன்னா அங்க உன்னை இப்படித்தான் தெரிஞ்சுக்குவாங்க.”

“தெரிஞ்சுக்கட்டுங்க பிரதர்.”

கையெழுத்துப் போட்டார். உறையை ஒட்டி, “நீயே போய் வெரசா தபால்ல சேத்துட்டு வா” என்று என்னிடமே கொடுத்தார். வழியில் கிழித்துப் போட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஏரிக்கரை வழியாக நடந்து போனேன். உறையைத் தபால் பெட்டிக்குள் விட்டு, அது அடியில் விழுந்த சத்தம் கேட்ட பிறகே கையை எடுத்தேன்.