தெற்கே இருக்கும் திருச்சிக்கு வடக்கே போனேன்

மச்சானுக்குத் திருச்சியில் பெண் அமைந்தது. மாமனார் உயிரோடு இல்லை. அதனால் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்ற மூத்த மாப்பிள்ளையான நான்தான் உட்கார வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

அதற்கும் ஒரு ஆள் போட்டிக்கு இருந்தான். மனைவியின் தங்கை புருஷன், சென்னையில் இருக்கும் என் சகலை. போன வருஷம் கோயம்புத்தூருக்கு விமானத்தில் போய்வந்தான். அன்றிலிருந்து மாமியாருக்கு வேறு பேச்சே இல்லை.

“சின்ன மாப்ள காலைல சென்னைல நாஷ்டா துன்னுட்டு, மத்தியானம் அங்க போய் சாப்புட்டாராம்!”

நானும்தான் எங்கள் ஊர் உத்திரமேரூரில் நாஷ்டா தின்றுவிட்டு மத்தியானம் காஞ்சிபுரத்தில் சாப்பிட்டிருக்கிறேன். ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை.

வயிறு எரிந்தது. சென்னையிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம் என்று போனில் தேடினேன். ஆகாய வழியில் முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லை, ஒரு மணி நேரம் என்றது. உடனே டிக்கெட் போட்டேன்.

“ஏர்போர்ட்டு இன்னா நம்ம ஏரிக்கரைலயா கீது?” என்றாள் மனைவி. “திருச்சி தெக்கால கீது. நீ வடக்கால மீனம்பாக்கம் போய், அங்க குந்திக்கினு இருந்துட்டு, மறுபடி நம்ம வூட்டு மேலயே பறந்து வரப் போற. நான் மதுராந்தகத்துல பஸ் ஏறிக்கிறேன். ராவுகாலத்துக்கு முன்னாடியாவது வந்து சேரு.”

அவள் சொன்னபடியே ஆயிற்று. போதாக்குறைக்கு விமானம் தாமதம். ஒருவழியாக அது தரையை விட்டபோது என் உயிர் தரையிலேயே இறங்கிக்கொண்டது. பக்கத்து இருக்கைக்காரர் மெதுவாகச் சொன்னார்: “சார், நீங்க புடிச்சிருக்கறது என் கை.”

மன்னிப்புக் கேட்டேன். கையை விடவில்லை.

கீழே ஏரி ஏரியாகத் தெரிந்தது. எது எங்கள் ஊர் ஏரி என்று புரியவில்லை. நெடுஞ்சாலையில் எறும்புபோல் பஸ்கள். இந்நேரம் மனைவி திருச்சியை நெருங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பாள். சகலைமேல் இருந்த பொறாமை மொத்தமும் அவள்மேல் திரும்பியது.

பெண் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது ராகுகாலம் நெருங்கிவிட்டது. உள்ளே என் இடத்தில் சகலை உட்கார்ந்திருந்தான். மடியில் தட்டு.

“வாண்ணே, உனுக்குத்தான் எடம் புடிச்சி வெச்சிக்கினு கீறேன்” என்று சிரித்தபடி எழுந்தான். திட்டக்கூட வழி வைக்கவில்லை.

“நீ ஃபிளைட்ல வர்ல?”

“திருச்சிக்குப் போய் யாருண்ணே ஃபிளைட்ல வருவாங்க? ரயில்ல நல்லா தூங்கிக்கினே வந்துட்டேன்.”

தட்டை வாங்கினேன். என் கைகள் இன்னும் ஆகாயத்தை விட்டு இறங்கவில்லை. தேங்காயும் வாழைப்பழமும் தட்டில் குலுங்கின. பெண்ணின் அப்பா சட்டென்று என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

“பாவம், மாமனார் ஞாபகம் வந்துருச்சு போல” என்றார்.

இல்லை என்று சொல்ல நான் என்ன பைத்தியமா? தலையைக் குனிந்துகொண்டேன். மாமியார் என்னைப் பார்த்த பார்வையில், கல்யாணமான நாளிலிருந்து நான் காணாத ஒரு கனிவு. அதை முழுசாக அனுபவிப்பதற்குள் பின்னால் ஒரு விசும்பல் கேட்டது.

சகலை. படுபாவி, என்னைவிட நன்றாக அழுதான். மாமியார் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.