இரண்டாவது கார்டு

எங்கள் சுற்றுலாப் பத்திரிகையில் படம் எடுப்பவரைப் படக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் படங்களுக்குக் கீழே நாலு வரி எழுதுவது என் வேலை. அவருக்குக் கல்யாணமாகிப் பதினோராம் நாள், மலையடிவாரத்துப் பழைய மணிக்கூண்டைப் படமெடுக்கச் சொன்னார் ஆசிரியர். லீவு கேட்டவரிடம், "பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போய்யா. தேனிலவும் ஆச்சு, அட்டைப்படமும் ஆச்சு" என்றார். நானும் பை தூக்கிக்கொண்டு போனேன்.

கட்டடத்தின் உயரம் தெரிய ஓர் ஆளை முன்னால் நிறுத்துவது படக்காரரின் வழக்கம். அன்று தன் மனைவியை, எனக்கு அண்ணியை, நிறுத்தினார்.

"இன்னும் ரெண்டடி பின்னாடி போ."

"இன்னும் போனா கூண்டுக்குள்ளதான் குடித்தனம் பண்ணணும்."

அப்போது இரு பக்கத் தெருக்களிலிருந்தும் இரண்டு கட்சிகளின் கொடிகள் வந்தன. கூண்டின் கீழே யார் கம்பம் நடுவது என்று ஒரு வாரமாகத் தகராறாம். எங்களுக்குத் தெரியாது. பேச்சே இல்லை. கம்பத்தைப் பிடுங்கினார்கள், அதே கம்பத்தால் அடித்தார்கள். மண்டை பிளந்த ஒருவன் படியில் உட்கார்ந்து செருப்பைத் தேடினான். தேடிய கையையும் மிதித்தார்கள். நான் ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதி இறங்கிய ஷட்டருக்குள் புகுந்துகொண்டேன். படக்காரர் மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தார்.

நாலு பேர் அவரைச் சூழ்ந்தார்கள். ஒருவன் அண்ணியின் முடியைப் பற்றி, வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான்.

"கார்டைக் குடு. இவளை விட்டுடறேன்."

படக்காரர் கேமராவைத் திறந்து ஒரு மெமரி கார்டைக் கொடுத்தார். உள்ளே இன்னொன்று இருந்தது. ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும். அது எனக்குத் தெரியும், அண்ணிக்கும் தெரியும். பிடித்திருந்தவன் பிடியைத் தளர்த்தினான். ஆனால் நால்வரில் ஒருவன் கல்யாண வீடுகளில் படமெடுப்பவன்.

"அண்ணே, இது ரெண்டு கார்டு போடற மாடல். நம்மள கேனயனாக்கறான்."

அண்ணியின் கை எலும்பு முறிந்த சத்தம் ஷட்டருக்குள் எனக்குக் கேட்டது. பிறகு கேமராவாலேயே படக்காரரின் முகத்தில் அடித்தார்கள். முன்பற்கள் இரண்டு போயின. இரண்டாவது கார்டும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் இரண்டு கொடிக்காரர்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் முனகிக்கொண்டிருந்தார்கள். தலைவர்கள் இருவரும் டிவியில் மட்டும் வந்து கண்டித்தார்கள். சட்டை கசங்காத கண்டனம். அடுத்த தேர்தலில் அவர்கள் கூட்டு சேர்ந்தாலும் சேர்வார்கள். எலும்பு சேர ஆறு வாரம் என்றார் டாக்டர்.

மாவுக்கட்டோடு அண்ணி கேட்டார்.

"ரெண்டாவதை ஏன் குடுக்கல?"

"அவனுங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேம்மா. அந்தப் படம் இருந்திருந்தா நாடே பாத்திருக்கும்."

"என் கைய யாரு பாத்தா?"

மாவுக்கட்டாலேயே அவர் முகத்தில் ஒன்று வைத்தார் அண்ணி. உதட்டுத் தையல் பிரிந்தது. மாவுக்கட்டிலும் விரிசல்.

திரும்பத் தைத்த டாக்டர், "இது எந்தக் கட்சி?" என்றார்.

"நான்தான்" என்றார் அண்ணி.

மூன்றாம் நாள் பஸ் நிலையத்தில், டிக்கெட் கவுண்டர் முன்னால் படக்காரர் தயங்கி நின்றார்.

"உங்க அம்மா வீட்டுக்கா, நம்ம வீட்டுக்கா?" பல் போன வாயில் பாதி காற்றாகவே வந்தது.

அண்ணி கட்டணப் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"நம்ம வீட்டுக்கே எடுங்க. கேக்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்கு. ஆனா என் பக்கத்துல தம்பி உக்காரட்டும்."

அண்ணி பக்கத்தில் நான், பின் சீட்டில் படக்காரர். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் கை முன்னால் நீண்டு, கட்டுப்போட்ட முழங்கையைத் தாங்க வந்தது. ஊர் வரைக்கும் அண்ணி அதைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தார்.