டொமினிக்கோட புதுப் பாட்டும் நான் எழுதின ஒரு வரியும்

இன்னைக்கு நோர்வூட் பஸ்ஸில டொமினிக் எனக்குப் பக்கத்துல வந்து உட்கார்ந்தாரு. நம்ம ஏரியா கல்யாண வீடுகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர்லயே ஆட்டப் பாட்டு செஞ்சு கொடுக்கிறாரே, அவருதான்.

"டீச்சர், இதக் கொஞ்சம் கேளுங்க"ன்னு இயர்போனைக் கொடுத்தாரு.

அவரோட வழக்கமான வேகம் இதுல இல்ல. பியானோ ஜாஸ் மாதிரி நிதானமா நடக்குது, அடியில பேஸ் கிட்டார் ஃபங்க் தாளத்துல துள்ளுது. டீப் ஹவுஸ்னு ஒரு இசை வகையாம், அவருதான் சொன்னாரு. டிக்கோயா தாண்டினதே எனக்குத் தெரியல.

"இத ஏன் இன்டர்நெட்டுல போடல?"ன்னு கேட்டேன்.

"போன மாசம் போட்டேங்க. ஒருத்தர் கீழ கமெண்ட்ல வந்து, 'அண்ணே, பெட்டரி எறங்கிப் போச்சா'ன்னு எழுதியிருந்தாரு. எல்லாரும் அதுக்குச் சிரிச்சாங்க, பாட்டப் பத்தி யாரும் பேசல. எடுத்துட்டேன். இனி பழைய மாதிரியே செய்யலாம்னு இருக்கேன்."

அந்த ஒருத்தர் நான்தான். வேறொரு பேர்ல எழுதினேன். அன்னைக்கு அரை நிமிஷத்துக்கு மேல கேக்கக்கூட இல்ல, அதான் இன்னைக்கு அதே பாட்டுன்னு அடையாளம் தெரியல.

சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அவரு, "நீங்களாவது முழுசாக் கேட்டீங்களே, அது போதும்"னாரு. இயர்போனைத் திருப்பிக் கொடுத்தேன். நோர்வூட் வந்ததும் இறங்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொந்தப் பேர்ல ஒரு மன்னிப்பு எழுதி வெச்சிருக்கேன். அனுப்பத்தான் கை வரல.

அன்னைக்கு அந்த வரிக்குச் சிரிச்சவங்கள்ல பாதிப் பேரு இத வாசிக்கிற இந்தக் குரூப்புலதான் இருக்கீங்க. நீங்களும் அந்த மன்னிப்புக்கு அடியில என்கூட ஒரு கையெழுத்துப் போடுறீங்களா?