தியாம்சாய் வாங்கிய பொடி

'குடும்பத்தாரின் அரவணைப்பில், வானொலி மருந்துகளைத் திரும்பியும் பாராமல், சிறுநீரகத்தைக் காத்துக்கொண்ட முன்மாதிரிச் சர்க்கரை நோயாளி' என்று தைவானின் புடாய் கடற்கரையோரத்து மருத்துவமனை ஒன்றின் சுவரில், கோ தியாம்சாயின் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது. படம் அவருடையதுதான்.

மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகன் தைப்பேயில், புத்தாண்டுக்கு வருவான், விருந்து செரிப்பதற்குள் கிளம்பிவிடுவான். பால்கெண்டைக் குளத்தங்கரையில் ஒரு தகரக் கொட்டகை, தண்ணீரை அடிக்கும் சக்கரங்களின் இரைச்சல், ஒரு வானொலிப் பெட்டி. குடும்பம் என்றால் மீன்களைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். வளர்ந்ததும் அவற்றையும் விற்றுவிடுவார்.

வானொலியில் பிற்பகல்தோறும் பீலியான் என்ற பெண் பழைய பாட்டுப் போடுவாள்; இடையில் சிறுநீரகத்துக்கு மூலிகைப் பொடி விற்பாள். வாங்கியவர்களைப் பேர் சொல்லி விசாரிப்பாள். "தியாம்சாய் அண்ணே, சாப்பிட்டீங்களா? மேல்நாட்டு மாத்திரையெல்லாம் கிட்னியத் தின்னுடும்ணே, பாத்துக்குங்க." சாப்பிட்டீர்களா என்று அவரைக் கேட்க வேறு ஆளில்லை. பொடியைத் தின்றார், சர்க்கரை மாத்திரையை மட்டும் தொடர்ந்துகொண்டு, ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி நல்ல அளவைத்தானே காட்டிக்கொண்டிருந்தது!

அடுத்த பரிசோதனையில் சிறுநீரில் புரதம் இரண்டு மடங்கு. செவிலி ஹுயிசுன் நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியப்பா, பிரஷர் மாத்திரை போடுறீங்களா?"

"பிரஷர்தான் நல்லாருக்கே. எதுக்கு வீணா கிட்னியக் கெடுத்துக்கிட்டு?"

"கிட்னிக்காகத்தான் அதக் குடுத்ததே. சர்க்கரை உங்க கிட்னியோட வடிகட்டியப் பிய்ச்சுக்கிட்டிருக்கு. இது அதுக்குள்ள அழுத்தத்தக் குறைக்கும். ஒண்ணுக்குல நுரை வருதா?"

"வருது."

"மீன் குளத்துல நுரை கலையாமத் தேங்குனா சும்மா பாத்துக்கிட்டிருப்பீங்களா?"

இருக்கமாட்டார். "அப்ப பொடி?"

"எந்தப் பொடி?" அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அதுல என்ன இருக்குன்னு வித்தவளுக்கே தெரியாது. தாராளமாத் தின்னுங்க. அப்புறம் வாரம் மூணு நாள் டயாலிசிஸ் நாற்காலி. பக்கத்துல பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கும்."

பேச்சுத்துணை என்றதும் அவர் ஒரு கணம் யோசித்துவிட்டார்.

பொடியை விட்டார்; மாத்திரையைப் பிடித்தார். அந்த மாதம் பீலியான் வேறு அண்ணன்களைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். தியாம்சாய் கஞ்சிக் கிண்ணத்தோடு நிகழ்ச்சி முடியும்வரை உட்கார்ந்திருந்தார். கஞ்சி ஆறிப்போயிற்று. நுரை குறைந்துகொண்டு வந்தது. அதைச் சொல்லிக்கொள்ளவும் ஆள் வேண்டுமே. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"எங்கண்ணே காணாமப் போயிட்டீங்க? கோவமா?"

"கோவமெல்லாம் இல்லம்மா. பொடி தீந்துபோச்சு."

அன்றிலிருந்து தியாம்சாய் தினமும் காலையில் ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கினார். மாதாமாதம் பொடியை வாங்கி, பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.