டொராண்டோவில் நல்ல வெயில்

1. நவம்பரில் இரண்டு விமானச் சீட்டு வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு. பெப்ரவரியில் ஒரு வாரம், கரீபியனில் பிரெஞ்சு பேசும் ஒரு சின்னத் தீவு.

2. ஜனவரியில் சின்னம்மாவுக்கு மொன்றியால் புறநகர் கர்க்லாண்டில் வாங்கிய வீட்டின் சாவி கிடைத்தது. ஐயர் குடிபூரலுக்கு, பால் காய்ச்சிக் குடிபுக, நாள் பார்த்துக் கொடுத்தார். அது நாங்கள் தீவில் இருக்கப்போகும் வாரத்தின் வியாழக்கிழமை.

3. பயணத் தேதியை மாற்றலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். மாற்ற வேண்டாம் என்றார்.

4. அம்மா தன் ஒரே தங்கையிடம் பொய் சொன்னார். எனக்கு டொராண்டோவில் ஒரு வாரம் கம்பனிப் பயிற்சி, பிள்ளையைத் தனியே ஹோட்டலில் விட மனமில்லை, கூடப் போகிறேன் என்று. பிள்ளைக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

5. வியாழன் காலை, கர்க்லாண்டில் பால் பொங்கிய நேரத்தில், அம்மா இடுப்பளவு கடலில் நின்றுகொண்டிருந்தார்.

6. சனி திரும்பினோம். ஞாயிறு புது வீட்டுக்குப் போனோம்.

மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எங்கெங்கே பிழை வரலாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பயணத்தில் நான் எழுதி வைக்காத பிழைகள் இரண்டு வந்தன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

நகருக்குள், பார்க் எக்ஸ்டென்ஷனில், ஒரே கட்டடத்தில் நாங்கள் மேல் வீடு, சின்னம்மா குடும்பம் கீழ் வீடு. பதினாறு வருடம் அப்படித்தான். அம்மாவும் சின்னம்மாவும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கொள்வதில்லை. வீட்டைச் சூடாக்கும் குழாய் இரண்டு குசினிக்கும் ஊடாகப் போகும். அதில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் தேத்தண்ணி தயார், மூன்று தட்டினால் உடனே வா. அப்பா இறந்த காலையில் அம்மா எத்தனை தட்டினார் என்று தெரியாது. சின்னம்மா ஒரு காலில் செருப்பும் மறுகாலில் சப்பாத்துமாக ஏறி வந்தது மட்டும் நினைவிருக்கிறது. நாங்கள் தீவுக்குப் போகும்போது அது நடந்து ஆறு வருடம்.

சின்னம்மா கோபித்தால் சும்மா கோபிப்பவர் அல்ல. தன் மகனின் பிறந்தநாளில் சாப்பிடாமல் புறப்பட்டுப் போன ஒருவருடன் எட்டு மாதம் கதைக்காமல் இருந்தார். அக்கா தன் குடிபூரலுக்கு வராமல் கடற்கரைக்குப் போனார் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த வீட்டுக் கதவு அம்மாவுக்குத் திறக்காது.

மொன்றியாலில் பெப்ரவரியில் ஒருவர் கறுத்தால் அதற்கு ஒரு காரணம்தான் உண்டு. ஆகவே வெயிலில் நிற்பதில்லை என்று விமானத்திலேயே முடிவெடுத்தோம்.

தீவில் செய்ய வேண்டியவை என்று நான் பதினேழு விஷயம் எழுதி வைத்திருந்தேன். அதில் ‘நிழல் உண்டா’ என்று புதிதாக ஒரு கேள்வி சேர்த்தபோது எட்டுப் போய்விட்டது. கலங்கரை விளக்கம் வரை நடப்பது போனது. படகில் போய்ப் பவளப்பாறை பார்ப்பது போனது. மணலில் படுத்துப் புத்தகம் வாசிப்பது முதல் ஆளாகப் போனது. மிஞ்சியவை காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும், இல்லாவிட்டால் நிழலிலும் செய்யக்கூடியவை. இன்று யோசித்தால், கைவிட்ட எட்டில் ஒன்றுக்காகவும் நான் வருந்தியதில்லை. மிஞ்சியவை ஒவ்வொன்றும் வாசனையோடு நினைவிருக்கின்றன.

காலை ஆறரைக்கு மீன் சந்தை. தகரக் கூரை, கழுவின சீமெந்து, எங்கள் இருவரையும் தவிர வேறு சுற்றுலாக்காரர் இல்லை. அம்மா ஒவ்வொரு மீனின் செவுளையும் விரலால் தூக்கிப் பார்த்தார். மீன்காரப் பெண்மணி இடுப்பில் கைவைத்து முறைத்தார். அம்மா அசையவில்லை. ஐந்தாவது மீனைத் தூக்கியபோது அந்தப் பெண்மணியே பலகைக்குக் கீழிருந்து ஒன்றை எடுத்துப் போட்டு, “இதைப் பார்” என்றார். அதுதான் நல்ல மீன். மறுநாளிலிருந்து எங்களைக் கண்டதும் கீழே குனிந்துவிடுவார்.

எங்களுக்கு அறை கொடுத்த வீட்டுக்காரப் பெண்மணிக்கு எழுபது வயதிருக்கும். உரத்த குரல், எப்போதும் வெறுங்கால். அம்மாவின் பிரெஞ்சைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு அடங்காது. அம்மா வேலை செய்வது ஒரு கார்தெரியின், சின்னப் பிள்ளைகள் காப்பகத்தின், குசினியில். பிரெஞ்சு முழுக்க மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கற்றது. ஆகவே அந்தப் பெண்மணியிடமும், “கை கழுவியாச்சா? எல்லாம் சாப்பிட வேண்டும், சரியா?” என்றுதான் கதைத்தார். இரண்டாம் நாள் அவர் சமையலறையை எங்களுக்குத் திறந்துவிட்டார். முற்றத்தில், ஊரில் உள்ளது போலவே, ஒரு ஈரப்பலா மரம் நின்றது. அம்மா அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்த முகத்தை நான் படம் எடுக்கவில்லை. எடுத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள்.

பன்னிரண்டாவது விஷயம், ஒன்றும் செய்யாமல் இருத்தல், இரண்டு மணி நேரம். மரநிழலில் நாற்காலி போட்டு அம்மாவை இருத்தினேன். இருபது நிமிடம் தாங்கினார். திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரியின் உடுப்புக் கவ்விகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒண்டும் செய்யாம இருக்கிறதுக்கெண்டு எழுதி வைச்சிருக்கிறன்.”

“நான் எங்க பிள்ளை செய்யிறன்? கைதான் செய்யுது.”

குடையோடுதான் கடற்கரைக்குப் போவார். கறுப்புக் குடை, முழுக்கைச் சட்டை. மழை வருமோ என்று வீட்டுக்காரி கேட்டார். “வரும்” என்று அம்மா முழு வானத்தின் நீலத்துக்குக் கீழே நின்று சொன்னார்.

மாலை ஆறு மணிக்கு மட்டும் எங்களுக்குப் பதற்றம் தொடங்கும். மொன்றியாலில் அப்போது ஐந்து மணி. சின்னம்மா வேலையால் வந்து வீடியோவில் எடுக்கும் நேரம். முன்னேற்பாடெல்லாம் செய்திருந்தேன். சுவரிலே வெள்ளைப் படுக்கை விரிப்பு. ஜன்னல் மூடியாயிற்று. திரும்பி வரத் தேவைப்படும் என்று கொண்டுபோன பனிக்கால ஜாக்கெட்டை அம்மா கழுத்துவரை சிப் இழுத்துப் போட்டுக்கொள்வார். நான் எழுதி வைக்காத முதல் பிழை தவளை. அந்தத் தீவில் பொழுதுபடும்போது நகமளவு மரத்தவளைகள் ஆயிரக்கணக்கில் கத்தத் தொடங்கும். மூடிய ஜன்னலுக்குள்ளும் கேட்கும்.

“என்னக்கா, ஹோட்டலுக்குள்ளயும் ஜாக்கெட்டோ?”

“ஹீட்டர் வேலை செய்யேல்லை.”

“அப்ப உதென்ன கிரீச் கிரீச்செண்டு கேக்குது?”

“அதுதான்... ஹீட்டர். திருத்துறாங்கள்.”

“வேலை செய்யாத ஹீட்டர் நல்லாத்தான் பாடுது. நெத்தியெல்லாம் வேர்த்துக் கிடக்கு?”

“லேசாக் காய்ச்சல் போல.”

“ஐயோ அக்கா! மல்லி அவிச்சுக் குடியுங்கோ. உவளை விட்டிட்டு வந்திருக்கலாம். இருபத்தொன்பது வயசு, ஆரும் தூக்கிக்கொண்டு போகமாட்டினம்.”

பிறகு சின்னம்மா போனைத் தூக்கிக்கொண்டு புது வீட்டைக் காட்டுவார். அடுப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, நிறைகுடத்தை வாசலில் எங்கே வைப்பது, பொங்கல் புக்கைக்கு எத்தனை சுண்டு அரிசி. அம்மா ஜாக்கெட்டுக்குள் வேர்த்து வடிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அந்தக் குடிபூரலின் பாதியை அம்மா ஒரு படுக்கை விரிப்பின் முன்னால் இருந்து நடத்திக் கொடுத்தார். போனை வைத்ததும் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நானும் அம்மாவும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். புதன்கிழமை அம்மா சிரிக்கவில்லை. ஜாக்கெட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

வியாழன் காலை எட்டு மணிக்கு மேல் ஆகியும் அம்மா கடலை விட்டு வரவில்லை. குடை மணலில் கவிழ்ந்து கிடந்தது. பழைய சுடிதாரோடு இடுப்பளவு தண்ணீரில், வெயில் நேரே முகத்தில் விழ நின்றார். நான் இறங்கிப் போனேன்.

“அம்மா, வெயில் ஏறியிட்டுது.”

“இப்ப பால் பொங்கியிருக்கும்,” என்றார்.

“தேதியை மாத்தலாமெண்டு நான் சொன்னனான்தானே. நீங்கள்தான் விடேல்லை.”

“மாத்தி?” கையால் தண்ணீரைத் தள்ளினார். “அங்க போய் நிண்டா, பாலை அடுப்பில வைக்க என்னைக் கூப்பிடோணும், இல்லாட்டி கூப்பிடாம விடோணும். கூப்பிட்டா, புருசன் இல்லாதவளைக் கொண்டு முதல் பால் வைச்சவள் எண்டு சனம் கதைக்கும். கூப்பிடாட்டி, நான் குசினிக்குள்ள நிண்டு வடை சுடுவன். அது எனக்கு ஒண்டுமில்லை. ஆனா கூப்பிடாம விட்டதை நினைச்சு அவள் கிடந்து வேகுவாள். ஏன் அவளுக்கு அந்தக் கரைச்சல்?”

அப்பா இறந்த அடுத்த வருடம் ஒரு உறவுக் கலியாணத்தில், ஆராத்திக்குப் பெண்கள் வரிசையாக நின்றபோது, யாரோ ஒருவர் அம்மாவின் முழங்கையைத் தொட்டு, “அக்கா நீங்கள் கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கோ” என்று சொன்னார். நான் பார்த்தேன். பக்கத்தில் சின்னம்மாவும் நின்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பின்னுக்குப் போய், தட்டுகளுக்குக் கற்பூரம் எடுத்துக் கொடுத்தார். வீட்டில் அதைப் பற்றி ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. அம்மா அதை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

“கறுக்கப்போறீங்கள் அம்மா.”

“கறுத்தாக் கறுக்கட்டும்.”

பத்து மணிவரை நின்றோம். என் பதினேழிலும் இல்லாத விஷயம் அது; நான் எழுதி வைக்காத இரண்டாவது பிழையும் அதுதான். சின்ன மீன்கள் காலைத் தொட்டுத் தொட்டுப் போயின. அம்மா ஒருமுறை முழுதாக முங்கி எழுந்தார். அந்த வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். ஆனால் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை கர்க்லாண்ட் போகும் முன் அம்மா முகத்துக்குப் பவுடர் போட்டார். சாம்பல் நிறம் வந்தது. கழுவினார். திரும்பப் போட்டார். மூன்றாம் முறை நான், “விடுங்கோம்மா, வருத்தக்காரி மாதிரி இருக்கு” என்றேன். “காய்ச்சல் எண்டுதானே சொன்னனான்,” என்றார். ஆனால் கழுவிவிட்டார்.

சின்னம்மா கதவைத் திறந்தார். அம்மாவை மேலிருந்து கீழே பார்த்தார். வெளியே பனி முழங்கால் அளவு.

“டொராண்டோவில நல்ல வெயிலோ அக்கா?”

அம்மா வாசலிலேயே நின்றார். நான் சப்பாத்தின் கயிற்றை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“உள்ளுக்கு வாங்கோ. குளிர் வருது,” என்றார் சின்னம்மா. “ஹீட்டருக்குள்ள தவளை கத்தேக்கையே தெரியும். எங்க போனீங்கள் எண்டுதான் தெரியேல்லை. ஏன் போனீங்களெண்டும் தெரியேல்லை.”

குசினியில் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். ஒருவரும் குடிக்கவில்லை. அடுப்பின் மேல் ஒரு பித்தளைப் பானை இருந்தது. எங்கள் பானை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் பொங்கும் பானை. தை பிறந்தபோது வாங்கிக்கொண்டு போனவர் திருப்பித் தரவில்லை.

“ஐயரிட்டக் கேட்டனான்,” என்றார் சின்னம்மா. “அக்கா பால் வைக்கலாமோ எண்டு. தாராளமா வைக்கலாம் எண்டவர். சனம் என்ன சொன்னாலும் பரவாயில்லை எண்டுதான் அந்தப் பானையைக் கொண்டு வந்தனான்.”

“எனக்கு நீ சொல்லேல்லையே.”

“சொன்னா நீங்கள் மாட்டன் எண்டுவீங்கள். வந்து நிண்ட பிறகு பால்செம்பைக் கையில தந்தா, அவ்வளவு பேருக்கு முன்னால மறுக்கமாட்டீங்கள் எண்டு இருந்தனான். நீங்கள் டொராண்டோ போட்டீங்கள்.”

“பேந்து ஆர் வைச்சது?”

“மச்சாள்.” அது சின்னம்மாவின் கணவரின் தங்கை. “நல்லாத்தான் பொங்கினது. நான் பார்க்கேல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு நிண்டனான்.”

அம்மா பானையின் விளிம்பைத் தொட்டார். சின்னம்மா அழத் தொடங்கினார். அழுகையோடு கோபமும் சேர்ந்து வந்தது. “அந்தக் கலியாணத்தில நான் வாயைத் திறக்கேல்லை. அதுக்குத்தானே அக்கா? அதுக்குத்தானே வரேல்லை?”

“இல்லை,” என்றார் அம்மா. பானையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, “ஓம்,” என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் சின்னம்மா எடுக்கவில்லை. அம்மாவும் எடுக்கவில்லை. நான்காவது சனிக்கிழமை காலை போன் அடித்தது. தோசைக்கு ஊற வைக்கும் உளுந்தின் அளவைச் சின்னம்மா கேட்டார். முப்பது வருடமாகத் தோசை சுடுபவர். அம்மா முழு அளவும் சொல்லிக் கொடுத்தார். வைக்கப்போகும் நேரத்தில் சின்னம்மா, “அடுத்த முறை டொராண்டோ போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்கும் உந்தத் தவளையைப் பார்க்கோணும்,” என்றாராம்.

இப்போது நிலைமை இதுதான். கீழ் வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது, குழாயில் யாரும் தட்டுவதில்லை. சனிக்கிழமைகளில் அம்மா இரண்டு பஸ் மாறிக் கர்க்லாண்ட் போகிறார். பானை அங்கேயே இருக்கிறது. அந்த வீட்டில் முதல் பால் வைத்தது மச்சாள். அதை இனி மாற்ற முடியாது. பெப்ரவரிக்கு மூன்று சீட்டு வாங்க வேண்டும். சின்னம்மாவுக்கு இன்னும் லீவு உறுதியாகவில்லை.